குருளையின் கால்கள்

தொல்காப்பியத்தின் மரபியலை நடத்தும் நாட்களில் வகுப்பு கண்ணயர்ந்துவிடும். இருபது ஆண்டுகளாக இதில் மாற்றமில்லை. எந்த விலங்கின் இளமைக்கு எந்தப் பெயர், எதன் ஆணுக்கு எந்தப் பெயர் என்று அடுக்கிக்கொண்டே போகிற நூற்பாக்கள் அவை. பிற்பகல் மூன்று மணிக்கு, மின்விசிறிக்கு அடியில், யாரைக் குறை சொல்ல முடியும்? நான் மட்டும் ஒவ்வோர் ஆண்டும் ஓரிடத்தில் நின்றுவிடுவேன். நாய், பன்றி, புலி, முயல் என்ற நான்கின் குட்டிகளையும் குருளை என்று சொல்லலாம் என்கிற இடம் அது. துரத்துகிற நாய்க்கும் துரத்தப்படுகிற முயலுக்கும் பிள்ளைப் பருவத்தில் ஒரே பெயர். காட்டில் அலையும் புலிக்கும் வாசலில் கிடக்கும் நாய்க்கும்கூட அப்படித்தான். இதைச் சொல்லி மாணவர்களை எழுப்பப் பார்ப்பேன். ஓரிருவர் சிரிப்பார்கள்.

2022ஆம் ஆண்டு ஆவணி மாதத்தில் எங்கள் வீட்டுக்கு ஒரு குருளை வந்து சேர்ந்தது. சொல் எனக்குத் தெரிந்திருந்தது. அந்தச் சொல்லின் வாயில் என்ன வைப்பது என்பது தெரிந்திருக்கவில்லை.

எங்களுடையது திருநெல்வேலிப் பக்கத்துச் சைவக் குடும்பம். பிறந்த வீடும் அப்படி, புகுந்த வீடும் அப்படி. மாமா, அதாவது என் கணவரின் தந்தை, ஓய்வுபெற்ற தொடக்கப்பள்ளித் தலைமையாசிரியர். அப்போது எண்பதைத் தொட்டுக்கொண்டிருந்தார். குளித்துத் திருநீறு பூசித் திருவாசகம் ஓதாமல் காலைக் காப்பியைத் தொடமாட்டார். முட்டை சேர்த்த கேக் என்று தெரிந்தால் பேரன் பிறந்தநாளிலும் அவருக்கு அது வேண்டாம். அத்தை போன பிறகு பேச்சும் குறைந்துவிட்டது. மகன் எட்டாம் வகுப்பு. பெருந்தொற்றுக் காலத்தின் இரண்டு ஆண்டுகளை நான்கு சுவர்களுக்குள் கழித்தவன், பள்ளி திறந்த பிறகும் அந்தச் சுவர்களுக்குள்ளேயே இருந்தான். அவன் கேட்ட ஒரே பொருள் நாய்க்குட்டி. வங்கி வேலையாக வெளியூரில் இருக்கும் கணவர் வார இறுதிகளில் மட்டும் வருகிறவர். ஆகவே உடனே சம்மதித்துவிட்டார்.

கோவில்பட்டிக்கு அப்பால் ஒரு கரிசல் கிராமத்தில் சிப்பிப்பாறைக் குட்டிகள் இருப்பதாக என் மாணவி ஒருத்தி சொன்னாள். போனோம். ஒடுங்கிய வயிறும் நீண்ட முகமுமாகத் தாய் நாய் வேப்பமரத்தடியில் படுத்திருந்தது. முயலை ஓடிப்பிடிக்கவென்று பல தலைமுறைகளாகத் தேர்ந்து வளர்க்கப்பட்ட இனம். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு முயல்வேட்டை குற்றம். ஓட்டம் மட்டும் அதன் உடம்பில் மிஞ்சியிருக்கிறது. வீட்டுக்காரம்மாள் எழுபது வயது மதிக்கத்தக்கவர். ஒரு வட்டையில் கம்பங்கூழைக் கரைத்து மோர் ஊற்றி வைத்தார். ஐந்து குட்டிகளும் மூக்கை நுழைத்து முண்டின. செந்நிறத்தில் ஒன்றை மகன் தூக்கிக்கொண்டான். செவலை என்ற பெயர் அங்கேயே வந்துவிட்டது.

“கூழ் போதும்மா. பாலு அதிகம் ஊத்தாதீங்க, வயிறு கழியும். வாரத்துல ரெண்டு நாளு எலும்பு போடணும், பாத்துக்கிடுங்க. எலும்பக் கடிச்சாத்தான் காலு நிக்கும்” என்றார் அந்த அம்மாள்.

அவர் பேச்சிலிருந்த இரண்டு வட்டாரச் சொற்களைக் கைப்பையிலிருந்த குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். தமிழ் படித்தவர்களின் பழக்கம். எலும்பு பற்றிச் சொன்னதை எழுதிக்கொள்ளவில்லை. அது ஒரு சொலவடையைப் போலக் காதில் விழுந்து போய்விட்டது. நானே அதைப் போகவிட்டேன் என்பதுதான் உண்மை. எங்கள் வீட்டு வாசலில் எலும்பு என்பதை நினைத்துப்பார்க்கவே நான் ஆயத்தமாக இல்லை.

முதல் மூன்று வாரங்கள் தயிர்ச்சோறும் பாலும். வயிறு உப்பியது, முதுகெலும்பு துருத்தியது. தடுப்பூசிக்குக் கொண்டுபோனபோது மருத்துவர் பூச்சி மருந்து கொடுத்துவிட்டு, தயிர்ச்சோறு நாய்க்குட்டிக்குப் போதாது என்றார். குட்டிகளுக்கென்றே தனியாக உலர்தீனி வருகிறது, அதை வெந்நீரில் ஊறவைத்துக் கொடுங்கள் என்று ஒரு தாளில் எழுதியும் தந்தார். இந்த வீட்டில் இருக்கும் மனிதர்களைப் பற்றி அவர் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லையே என்று எனக்கு அன்றைக்குக் கோபம். இன்று யோசித்தால், குட்டியைப் பற்றித்தானே அவர் சொல்ல வேண்டும்?

அந்தத் தீனியை நான் வாங்கவில்லை. கடையில் ஒரு பொட்டலத்தைக் கையில் எடுத்துப் பின்பக்கத்தைப் படித்தேன். இறைச்சித்தூள், மக்காச்சோளம், அரிசி, கொழுப்பு, நிறமி. பெரிய எழுத்தில் வளர்ச்சி, நோயெதிர்ப்பு, மினுமினுக்கும் ரோமம். திரும்ப வைத்துவிட்டேன். உறையில் அடைத்து வருகிற எதையும் ஐயத்தோடு பார்ப்பது நம்மைப் போன்ற வாசகர்களுக்கு இரத்தத்திலேயே ஊறிய ஒன்று. ஆலை, விளம்பரம், பன்னாட்டு நிறுவனம் என்ற சொற்கள் வந்ததும் மனம் தீர்ப்பு எழுதிவிடுகிறது. சாட்சிகளை விசாரிப்பதில்லை.

விசாரித்தேன் என்றுதான் அப்போது நினைத்துக்கொண்டிருந்தேன். இரவுகளில் படித்தேன். ஜேம்ஸ் ஸ்ப்ராட் என்ற அமெரிக்கர் 1860ஐ ஒட்டி இடிதாங்கி விற்க லண்டனுக்குப் போனவர். துறைமுகத்தில் கப்பல்காரர்கள் எறிந்த வறட்டு ரொட்டியை நாய்கள் தின்பதைக் கண்டு கோதுமையும் காய்கறியும் இறைச்சியும் சேர்த்து நாய்ரொட்டி செய்து விற்கத் தொடங்கினார் என்று கதை சொல்கிறார்கள். இரண்டாம் உலகப்போரில் தகரத்துக்குத் தட்டுப்பாடு வந்து டப்பா உணவு பின்வாங்க, உலர்தீனி முன்னுக்கு வந்தது. 1957இல் ப்யூரினா நிறுவனம் இன்று நாம் காணும் வடிவத்தில் அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. மாவையும் இறைச்சித்தூளையும் நீராவியிலும் அழுத்தத்திலும் வேகவைத்து, முறுக்கு பிழிவதைப்போல அச்சின் வழியே பிதுக்கி நறுக்குகிறார்கள். உலர்ந்த பிறகு மேலே கொழுப்பைத் தெளிக்கிறார்கள். அந்த வாசனைக்குத்தான் நாய் ஓடிவருகிறது. அதாவது நாய் எந்தக் காட்டிலும் இப்படி ஒன்றைத் தின்றதில்லை. எனக்கு அது போதுமானதாக இருந்தது.

மறுதரப்பும் கிடைத்தது. இயன் பில்லிங்ஹர்ஸ்ட் என்ற ஆஸ்திரேலியக் கால்நடை மருத்துவர் 1993இல் ஒரு நூல் எழுதினார். தானியத்தைப் பிதுக்கிச் செய்த தீனியே இன்றைய நாய்களின் பல நோய்களுக்குக் காரணம், நாய்க்கு அதன் முன்னோர் தின்றதைப் பச்சையாகக் கொடுங்கள் என்பது அவர் வாதம். பின்னர் அது ஓர் இயக்கமாகவே பரவியது. எங்கள் கல்லூரியின் விலங்கியல் துறை நண்பர் ஒருவர், இராசபாளையம் நாய்கள் வைத்திருப்பவர், அதே கட்சி. அவருடைய வெள்ளை நாய்களைப் பார்த்திருக்கிறேன். 2005இல் அஞ்சல்துறை வெளியிட்ட தபால்தலையிலிருந்து இறங்கி வந்தவைபோல நிற்கும். “கோழிக்கழுத்து, கால், ஈரல், கொஞ்சம் கறி. எல்லாம் பச்சையா. மேடம், நாய் ஓநாயோட பேரன்” என்றார்.

இந்த வாக்கியம் என்னை வீழ்த்தியது. ஓநாயின் பேரன்! புலியோடு ஒரே பெயரைப் பகிர்ந்துகொள்ளும் குருளைக்கு ஆலையில் பிழிந்த முறுக்கா? உவமைகளால் ஆன மனத்துக்கு ஒரு நல்ல உவமை கிடைத்துவிட்டால் வேறு ஆதாரம் தேவைப்படுவதில்லை.

வீட்டில் பேசினேன். மாமா நெடுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு சொன்னார்: “வாயில்லாச் சீவன். அதோட தீனிய அது திங்கட்டும் தாயி. நாம யாரு தடுக்க? ஆனா எலும்பு மட்டும் வேண்டாம். இழுத்துக்கிட்டு நடுவீட்டுக்கு வந்துரும்.”

தினமும் காலையில் இறைவன் முன்னால் தம்மை நாயேன் என்று சொல்லிக்கொள்கிறவர் அவர். திருவாசகத்தில் அந்தச் சொல்லுக்குப் பஞ்சமில்லை. நாயின் தாழ்மையை அவர் எடுத்துக்கொண்டார். நாயின் பற்களை எடுத்துக்கொள்ள முடியவில்லை. இதைக் கேலியாகச் சொல்லவில்லை. எண்பது வயதில் ஒரு மனிதர் தம் வீட்டின் புறவாசல்வரை கறியை அனுமதித்தார். அதற்கு அவர் என்ன கொடுத்தார் என்பது எனக்குத் தெரியும். அவர் நிபந்தனையை ஏற்றுக்கொண்டபோது எனக்கு உள்ளூர ஆறுதலாகத்தான் இருந்தது. எலும்பைத் தொட எனக்கும் மனமில்லை.

ஆக, எலும்பில்லாத கோழிக்கறி. நாற்பத்தைந்து வயதில் முதல்முறையாகக் கறிக்கடை வாசலில் நின்றேன். வரிசையில் முன்னால் நின்றவன் என் பழைய மாணவன், “மேடம், நீங்களா?” என்றான். நாய்க்கு என்று மூன்றுமுறை சொன்னேன். “போன்லெஸ்ஸா? நாய்க்கு எதுக்கு மேடம் போன்லெஸ், கழுத்து வாங்குங்க, பாதி வெலதான்” என்று கடைக்காரரும் சொன்னார். எலும்பு போடச் சொன்ன மூன்றாவது ஆள் அவர். கறுப்புப் பாலித்தீன் பைக்குள் அந்த இளஞ்சூடு கையில் பட்டது இன்னும் நினைவிருக்கிறது. குளிர்பதனப் பெட்டியில் தோசை மாவுக்குப் பக்கத்தில் வைக்க முடியாது. ஆகவே அன்றாடம் கால் கிலோ. புறவாசல் குழாயடியில் தனிக் கத்தி, தனிப் பலகை, தனித் தட்டு. கையை மூன்றுமுறை சோப்புப்போட்டுக் கழுவிவிட்டு வகுப்புக்குப் போய்க் குறுந்தொகை நடத்துவேன், விரல்களை முகர்ந்துபார்ப்பேன்.

செவலையின் மகிழ்ச்சியைச் சொல்லி மாளாது. கறியைக் கண்டதும் உடம்பு முழுக்க வாலாகிவிடும். ரோமம் மினுங்கியது. ஒரே மாதத்தில் நீண்டு உயர்ந்தான். நான் வென்றுவிட்டதாக நினைத்தேன். நண்பரிடம் சொன்னேன், “எலும்பு கொடுக்கிறீங்கல்ல?” என்று கேட்டார். ஏதோ சொல்லி மழுப்பினேன்.

*

கார்த்திகைத் தீபத்துக்கு முந்தைய வாரம். திண்ணைப் படியில் ஏறத் தயங்கினான். அதிகம் ஆடிய களைப்பு என்று விட்டேன். முன்னங்கால்களின் பாதம் தட்டையாக விரிந்து, மணிக்கட்டு உள்வாங்கி, நடனக்காரி அரைமண்டியில் நிற்பதுபோல ஒரு நிலை. மகன்தான் முதலில் சொன்னான்: “அம்மா, இவன் கால் கோணுது.” தூக்கினால் முனகினான். இரண்டு நாள் கழித்து, திண்ணையிலிருந்து குதித்தான். ஒரு முழ உயரம்கூட இருக்காது. அந்த அலறலைக் கேட்டு மாமா பூசையறையிலிருந்து எழுந்து வந்துவிட்டார். அவர் பாதியில் எழுந்து நான் பார்த்தது அன்று ஒருநாள்தான்.

இடது பின்தொடை எலும்பு முறிந்திருந்தது. மருத்துவர் ஊடுகதிர்ப் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். முறிவைவிட அவர் காட்ட விரும்பியது வேறொன்று. எலும்புகள் வெள்ளையாக இல்லை. சுற்றியிருந்த தசையின் சாம்பல் நிறத்துக்கும் எலும்பின் நிறத்துக்கும் பெரிய வேறுபாடே இல்லை. எலும்பின் நிழல்தான் படத்தில் இருந்தது. “என்ன கொடுத்தீங்க?” என்றார். சொன்னேன். பெருமையோடு சொல்லியிருக்க வேண்டிய வாக்கியம், கம்மிய குரலில் வந்தது.

அவர் திட்டவில்லை. மேசையில் இருந்த தாளில் இரண்டு எண்களை எழுதினார். எலும்பில்லாத கோழிக்கறி நூறு கிராமில் பாஸ்பரஸ் ஏறத்தாழ 200 மில்லிகிராம். சுண்ணாம்புச் சத்து ஏறத்தாழ 10 மில்லிகிராம். வளரும் குட்டிக்கு இரண்டாவது எண் முதலாவதைவிடச் சற்றே கூடுதலாக இருக்க வேண்டும். நான் கொடுத்ததில் இருபதில் ஒரு பங்கு. நடுவில் சேர்த்த சோற்றிலும் பாஸ்பரஸே அதிகம். இரத்தத்தில் சுண்ணாம்பு ஓர் அளவுக்குக் கீழே இறங்கினால் தசை இழுத்துக்கொள்ளும், உயிருக்கே ஆபத்து. ஆகவே கழுத்தில் இருக்கும் பாராதைராய்டு சுரப்பி, உடம்பின் ஒரே சேமிப்பான எலும்பிலிருந்து எடுத்துக் கொடுக்கச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. இரத்தப் பரிசோதனையில்கூடப் பல நேரம் குறை தெரியாது. எலும்பு அதை ஈடுகட்டிக்கொண்டிருக்கும். வெளியே மினுங்கும் ரோமம், ஓட்டம், வால். உள்ளே எலும்பு கரைந்துகொண்டிருக்கிறது.

“பச்சைக்கறி குடுத்ததால வந்தது இல்ல இது. வெறும் கறி குடுத்ததால வந்தது. வேகவச்சுக் குடுத்திருந்தாலும் இதேதான் வந்திருக்கும். சைவ வீடுகள்ல பால்சோறு மட்டும் குடுத்தும் கால் வளைஞ்சு கொண்டுவாராங்க” என்றார்.

நான் அன்று வீடு திரும்பி, பில்லிங்ஹர்ஸ்ட் நூலின் தலைப்பை மறுபடி பார்த்தேன். உங்கள் நாய்க்கு ஓர் எலும்பைக் கொடுங்கள் என்பதுதான் அது. அட்டையிலேயே இருந்தது. பச்சையுணவுக்காரர்கள் எல்லோரும் அதைத்தான் முதலில் சொல்கிறார்கள். ஓநாய் முயலைத் தின்னும்போது எலும்பையும் ஈரலையும் குடலையும் சேர்த்தே தின்கிறது. நான் ஓநாயின் உவமையை எடுத்துக்கொண்டு ஓநாயின் உணவில் எனக்கு ஒவ்வாததை ஒதுக்கிவிட்டேன். ஒரு பனுவலைப் பாதி படித்துவிட்டு அதன்மீது கட்டுரை எழுதும் மாணவர்களை எவ்வளவு கடுமையாகத் திருத்துவேன் நான்! சிவப்பு மை தீர்ந்துபோகும்.

அதற்குப் பிறகுதான் உவமையையே விசாரித்தேன். 2013இல் ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் உள்ளிட்ட ஒரு குழு நேச்சர் இதழில் வெளியிட்ட ஆய்வு அது. மாவுச்சத்தைச் செரிக்க உதவும் அமிலேஸ் நொதிக்கான மரபணு ஓநாயிடம் இரண்டு படிகள்தான் இருக்கிறது. நாய்களிடம் நான்கு முதல் முப்பதுவரை. மனிதன் தானியம் விளைவிக்கத் தொடங்கிய பிறகு, அவன் சிந்தியதையும் மிச்சம் வைத்ததையும் தின்று தின்று நாயின் உடம்பே மாறியிருக்கிறது. கரிசல்காட்டு அம்மாளின் கம்பங்கூழ் தவறில்லை. அவர் கணக்கில் கூழும் இருந்தது, எலும்பும் இருந்தது. நாய் ஓநாயின் பேரன்தான்; ஆனால் நம் வீட்டுத் திண்ணையில் வளர்ந்த பேரன்.

பெரும்பாணாற்றுப்படையில் எயினர் நாய்களோடு முயல்வேட்டைக்குப் போகிற காட்சி உண்டு. அதைவிட எனக்குப் பிடித்தது அதையொட்டி வரும் வேறோரிடம். அந்த நிலத்துக் குடிகளிடம் போனால், மேட்டுநிலத்தில் விளைந்த நெல்லின் செஞ்சோற்றோடு, நாய் பிடித்துவந்த உடும்பின் பொரியலும் கிடைக்கும் என்று பாணனுக்குச் சொல்லப்படுகிறது. நாய்க்கு மனிதன் சோறு போடுவதை நாம் அறிவோம். அங்கே நாய் விருந்தினனுக்குக் கறி போடுகிறது. சோறும் கறியும் ஒரே முற்றத்தில். யார் யாருக்குக் கொடுத்தார்கள் என்று பிரிக்க முடியாத ஒரு ஏற்பாடு. பல ஆண்டுகள் அந்தப் பகுதியை நடத்தியிருக்கிறேன். நாய் அந்த உடும்பின் எந்தப் பங்கைத் தின்றிருக்கும் என்று ஒருமுறையும் எண்ணிப்பார்த்ததில்லை.

*

அறுவைச் சிகிச்சை அந்த எலும்பில் நிற்காது என்றார் மருத்துவர். ஆணி அடித்தால் ஈரச்சுவரில் அடித்ததுபோலத்தான். கூண்டில் ஓய்வு, சரியான உணவு, காத்திருப்பு. சரியான உணவு என்றால், அவர் முதல்நாள் எழுதித்தந்த அதே பொட்டலம். கூடவே சுண்ணாம்பு மாத்திரையும் கொடுக்கலாமா என்று ஆவலாகக் கேட்டேன். கூடாது என்றார். சிறிய குட்டியின் குடல், வருகிற சுண்ணாம்பை வேண்டாமென்று தள்ளும் திறனை இன்னும் பெறவில்லை. கூடுதலாகப் போனாலும், அதிலும் பெரிய இனங்களுக்கு, எலும்பு கோணும். சமன் செய்த தீனிக்குமேல் கைக்கு வந்ததை அள்ளிப் போடுவதும் ஒரு நோய்தான் என்றார். குறைந்தாலும் கூடினாலும் கால்தான் வளைகிறது.

என் கட்சி மாறிவிட்டது என்று நண்பர்கள் நினைக்க வேண்டாம். பொட்டலத்தின்மீது எனக்கு இன்றும் பக்தி இல்லை. 2007இல் வட அமெரிக்காவில் மெலமைன் கலந்த கோதுமைப் புரதத்தால் செய்த தீனியைத் தின்று நாய்களும் பூனைகளும் சிறுநீரகம் செயலிழந்து செத்தன. உறையின் முன்பக்கத்தில் அங்கேயும் வளர்ச்சி, மினுமினுக்கும் ரோமம் என்றுதான் எழுதியிருந்திருக்கும். நம்மூர்க் கடைகளில் பெரிய மூட்டையைப் பிரித்துவைத்து உதிரியாக நிறுத்து விற்கிறார்கள். நம் வெயிலில் அந்தக் கொழுப்பு சிக்கெடுக்க எத்தனை நாளாகும்? மறுபக்கம், பச்சைக்கறியில் சால்மொனெல்லா இருந்தால் குளிர்பதனப் பெட்டியின் உறைநிலை அதைக் கொன்றுவிடுவதில்லை. நாய் நன்றாகவே இருக்கும். அதன் நாக்குப் பட்ட கையும் தரையும் எண்பது வயதுக்காரரைப் படுக்கவைக்கலாம். அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கம் 2012இல் பச்சைக்கறி கொடுப்பதற்கு எதிராக நிலைப்பாடு எடுத்ததற்கு முக்கியக் காரணம் இதுதான். புறவாசலில் மூன்றுமுறை கை கழுவிய நான், கறித்தட்டை நக்கிவிட்டு வந்த செவலை மாமாவின் பாதத்தை நக்குவதைத் தடுக்கவில்லை. அது எனக்கு அழகான காட்சியாகத் தெரிந்தது.

ஆயினும் ஒன்றைச் சொல்ல வேண்டும். வளர்ந்த நாய் தவறான உணவை நெடுநாள் தாங்கும். இரண்டு மாதத்திலிருந்து ஆறு மாதம்வரை எலும்பு கட்டிக்கொண்டிருக்கும் குட்டி தாங்காது. பச்சையுணவைச் சரியாகக் கொடுக்க எலும்பின் பங்கு, உறுப்பின் பங்கு, கறியின் பங்கு என்று நிறுத்துக் கொடுக்கும் கை வேண்டும். அந்த மூன்றையும் தொடத் தயங்காத வீடு வேண்டும். விலங்கியல் நண்பரிடம் இரண்டும் இருக்கின்றன. அவர் நாய்கள் நன்றாக இருக்கின்றன. பொட்டலத்தில், என்ன குறையிருந்தாலும், யாரோ ஒருவர் அந்தக் கணக்கைப் போட்டிருக்கிறார். அமெரிக்காவில் ஆஃப்கோ என்ற அமைப்பு வளரும் குட்டிக்கு வேறு, வளர்ந்த நாய்க்கு வேறு என்று அளவுகளை வகுத்தே வைத்திருக்கிறது. கணக்குப் போடத் தெரியாத, போட விரும்பாத என்னைப் போன்றவர்களின் குட்டிகளுக்கு அது உயிர். என் மாணவர்கள் கேட்டால் இப்போது இதையே சொல்கிறேன்: முதல் ஓராண்டு குட்டிகளுக்கான உலர்தீனி, கட்டிய பொட்டலமாக, தேதி பார்த்து. பிறகு உங்கள் வீட்டையும் மருத்துவரையும் கேட்டுக்கொள்ளுங்கள். சமைத்த எலும்பு மட்டும் எந்த வயதிலும் வேண்டாம். சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் கிழிக்கும்.

வீட்டுக்குள் அந்தத் தீனி நுழைந்த விதம்தான் எனக்கு இன்றும் வியப்பு. கோழிக்கறி புறவாசலைத் தாண்டியதில்லை. அந்தப் பொட்டலமோ முதல்நாளே அடுக்களை அலமாரியில் போய் உட்கார்ந்துகொண்டது. யாரும் தடுக்கவில்லை. அதில் இருப்பதும் கோழிதான். கறிக்கூடத்தில் மனிதன் வேண்டாமென்று விட்ட பகுதிகளை வேகவைத்து உலர்த்திப் பொடித்தது, எலும்பும் சேர்த்து. ஆனால் அதற்கு உருவமில்லை, இரத்தமில்லை. கடலைமிட்டாய் நிறத்தில் உருண்டையாக இருக்கிறது. மாமா எடைக்கரண்டியால் தாமே அளந்து போடத் தொடங்கினார். கூண்டுக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, அவன் தின்று முடிக்கும்வரை பேசிக்கொண்டிருப்பார். அத்தை போன பிறகு அவர் அவ்வளவு பேசி நாங்கள் கேட்டதில்லை. அதில் என்ன இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. சொல்லாததும் ஒரு பொய்தானே என்று உறுத்திக்கொண்டே இருந்தது.

மார்கழியில் ஒருநாள் அவரே கேட்டார். “இது எதுல செய்தது தாயி?”

சொல்லிவிட்டேன். கோழி, எலும்புத்தூள், சோளம், அரிசி. எல்லாவற்றையும் சொன்னேன்.

கரண்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு வழக்கமான அளவைத் தட்டில் போட்டார். குழாயடிக்குப் போய்க் கையைக் கழுவிக்கொண்டு பூசையறைக்குப் போனார். அன்றிலிருந்து தீனியை அளந்து போட்டபின் கை கழுவுகிறார், முன்பு கழுவியதில்லை. வேறெதுவும் மாறவில்லை.

ஐந்து வாரத்தில் எலும்பு கூடியது. இரண்டாவது படத்தில் வெள்ளை திரும்பியிருந்தது. செவலைக்கு இப்போது மூன்று வயது கடந்துவிட்டது. ஓடுவான், சிப்பிப்பாறை நாய் ஓடவேண்டிய வேகத்தில் அல்ல. இடது பின்காலைச் சற்று வெளியே வீசிப் போடுவான். முன்னங்கால் மணிக்கட்டில் ஒரு வளைவு நின்றுவிட்டது. இடுப்பெலும்பும் சற்று ஒடுங்கித்தான் கூடியிருக்கிறது என்றார் மருத்துவர். தெருவில் புதிதாகப் பார்க்கிறவர்கள் வண்டியில் அடிபட்டதா என்று கேட்பார்கள்.

சென்ற கோடையில் மகன் அடம்பிடிக்க, மறுபடி அந்தக் கரிசல் கிராமத்துக்குச் செவலையைக் கூட்டிக்கொண்டு போனோம். அதே வேப்பமரம், வேறு குட்டிகள். அந்த அம்மாள் அவனை ஓடவிடச் சொன்னார். கண்மாய்க் கரையில் ஓடிவிட்டுத் திரும்பி வந்தவனை முன்னால் நிறுத்தி, ஒவ்வொரு காலாகத் தூக்கிப்பார்த்தார். மணிக்கட்டைத் தடவினார். என்னை ஏறிட்டுப் பார்த்தார்.

“எலும்பு போடலயா?” என்றார்.

“இல்லம்மா” என்றேன்.

அவர் வேறு ஒன்றும் கேட்கவில்லை. உள்ளே போய் வட்டையில் கூழ் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தார்.